மாமா சொன்ன மூன்று இட்லி

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பால் பாக்கெட்டில் தேதி பார்த்து, காய்ச்சுகிறேன். ஒரு டம்ளர் காப்பி. ஏழரைக்கு மட்டாஞ்சேரியிலிருந்து வேலைக்குப் படகு.

தேதி பார்ப்பது என் மனைவி தன்யாவின் பழக்கம். இதய அறுவை தியேட்டரில் நர்ஸாக இருந்தாள். அவசர மருந்து டிராலியில் ஒவ்வொரு ஊசிமருந்தின் தேதியையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு நாள் தொடங்கும். வீட்டிலும் தோசை வார்த்துக்கொண்டே அட்ரினலின், அட்ரோபின், அமியோடரோன் என்று சகஸ்ரநாமம் போல முணுமுணுப்பாள்.

மார்ச்சில் அதே தியேட்டருக்கு நோயாளியாகப் போனாள். ஒரு வால்வு மாற்ற வேண்டும். கையிருப்புக்கு ஐந்து பேர் ரத்தம் கொடுக்கவேண்டும் என்றார்கள்.

மிளகுக் கிடங்கில் வேலை செய்யும் அவளுடைய வெங்கிட்டு மாமா, மகன் ரமேஷ்பாபுவையும் இன்னும் மூவரையும் கூட்டி வந்தார். எங்கள் தெருவில் எதைக் கொடுப்பதானாலும் குளித்து, வெறும் வயிற்றோடு கொடுப்பதே முறை. சாப்பிட்டீர்களா என்று கேட்ட நர்ஸிடம் ஐந்து பேரும் ஆயிற்று என்றார்கள். மாமா மூன்று இட்லி என்று விவரமும் சொன்னாராம்.

கொடுத்துவிட்டு நேராக வார்டுக்கு வந்து தன்யாவின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாமா அவளுக்கு விபூதி பூசக் கையை நீட்டினார். கை நெற்றிக்கு வருவதற்குள் ஆள் தரைக்குப் போய்விட்டார். பிடிக்கக் குனிந்த ரமேஷ்பாபு அவர் மேலேயே விழுந்தான். மூன்றாமவர் பயத்தில் தானாகவே படுத்துக்கொண்டார்.

தன்யா கட்டிலிலிருந்தே உத்தரவு போட்டாள். காலைத் தூக்கிப் பிடிக்கவேண்டும், சர்க்கரைத் தண்ணீர் வேண்டும். அவள் சிரித்த சிரிப்பில் மானிட்டர் கத்தியது. ஓடிவந்த டாக்டருக்கு யார் நோயாளி என்று புரியவில்லை. அவள் தரையைக் காட்டினாள். எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாள் அறுவை. சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அவளுக்கே திருப்பி ஏற்றும் யந்திரம் இருந்தது. நன்றாக வேலை செய்தது. ஐந்து பாக்கெட்டில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. வால்வும் சரியாக உட்கார்ந்தது. அறுவைக்காக நிறுத்திவைத்த இதயம் மட்டும் திரும்பத் துடிக்கவில்லை. என்னென்ன மருந்து கொடுத்தோம் என்று டாக்டர் சொல்லத் தொடங்கினார். அடுத்த பெயர் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று காலை தியேட்டர் வாசலில் மாமா நின்றிருந்தார். சாப்பிட்டாயிற்று என்றார். தன்யா ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி, என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஹரி, மாமாக்கு இட்லி வாங்கிக் குடு. தின்னு முடிக்கற வரைக்கும் கிட்டயே நில்லு. ஆளு பொய் சொல்லுவார், கேட்டயா."