கேட் ரிஜிஸ்டரில் ஒரு தீப்பந்து

என் வீட்டுக்காரர் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வாட்ச்மேன். கேட்டைத் தாண்டி எது வந்தாலும் ரிஜிஸ்டரில் ஏற்றாமல் விடமாட்டார். தினமும் சாப்பாடு கொண்டுபோகும் என்னையே எழுதுவார்: "மனைவி, சைக்கிள், 7.30." கட்டின பெண்டாட்டியிடமே கையெழுத்து வாங்கும் மனிதர்!

அன்று நான் வீடு திரும்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலைக்கு மேலே வானத்தில் ஒரு தீப்பந்து போயிருக்கிறது. நான் பார்க்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. அவர் பார்த்தார். பார்த்ததை வண்டிகளுக்கான பக்கத்திலேயே எழுதிவிட்டார்.

"வண்டி: தீ. எண்: இல்லை. ஓட்டுநர்: தெரியவில்லை. வந்தது 8.41. போனது 8.41."

காலையில் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "டூட்டில தண்ணி போட்டியா? இனி வேலைக்கு வராதே" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் வாட்ச்மேன் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "பார்த்ததைத்தானே எழுதுனேன்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சோடாகூடக் குடிக்காத மனுஷன்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன்.

"கேட்ல கேமரா இருக்குல்ல சார்? போட்டுப் பாருங்க. இவர் தள்ளாடுனா அந்த பெல்ட்டை நானே கழட்டித் தரேன்."

வேண்டாவெறுப்பாகப் போட்டார். கேமராவுக்குத் தரை மட்டும்தான் தெரியும். இவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சரியாக 8.41. வாசல் முழுக்கப் பட்டப்பகலானது. கேட் கம்பிகளின் நிழல் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓடி மறைந்தது. வேறு யாராவது என்றால் அலறியடித்து ஓடியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் எழுந்தார், வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்தார்.

மேஜைமேல் இருந்த ரிஜிஸ்டரை மேனேஜர் பக்கம் தள்ளினேன்.

மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "அனுமதித்தவர்னு ஒரு கட்டம் இருக்கே, ஏன் காலியா விட்டீங்க?"

"நான் அனுமதிக்கலை சார். அதுவா வந்துச்சு."

மேனேஜர் சிரித்துவிட்டார். அந்தக் கட்டத்தில் தானே கையெழுத்துப் போட்டு, "ராத்திரி டூட்டிக்கு வந்துடுங்க" என்றார்.

ரிஜிஸ்டரோடு வெளியே வரும்போது இவர் கேட்டில் நின்றார். ஆத்திரத்தில் நாங்கள் பதியாமல் உள்ளே போனது உறுத்தியிருக்கிறது. "மனைவி, நடந்து, 10.25" என்று எழுதினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் பேனாவோடு விழித்தார். நான் பிடுங்கி எழுதினேன்:

"என் வீட்டுக்காரர் பொய் எழுதமாட்டார்."

கீழே, கேட்காமலே கையெழுத்தும் போட்டேன்.