முப்பத்தேழு உபயகாரரும் ஒரு கணினியும்

2025ஆம் ஆண்டு பங்குனி மாதம் பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை. வானில் முகிலொன்றும் இல்லை. புத்தூரின் வெங்காயத் தோட்டங்களைக் கடந்து வந்த காற்றும் அனலாகவே வீசியது.

பிற்பகல் மூன்று மணிக்குச் சனசமூக நிலையத்தின் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. ஆராயப்பட்ட பொருள் ஒன்றே: நிலையத்தின் கணினிக்கு மேலும் நினைவகம் தேவையா, இல்லையா?

நூலகப் பொறுப்பாளர் கேதீஸ்வரியின் கண்களோ கடிகாரத்தை விட்டு அகலவில்லை. பதினொரு ஆண்டுகள் தொண்டராகவே பணியாற்றிவிட்ட அவள், நிரந்தர நியமனத்துக்கான விண்ணப்பத்தை நான்கு மணிக்குள் இணையவழியே அனுப்பியாக வேண்டும். கைபேசியில் அப்படிவம் திறக்க மறுத்தது. கணினியிலோ ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரைக்கு வந்து சேருவதற்குள் ஒரு கொட்டாவியை விட்டு முடித்துவிடலாம்.

காரணத்தை அவள் காலையிலேயே கண்டறிந்திருந்தாள். உபயகாரரின் பெயர் எழுதப்படாத மின்விசிறியோ சுவர்க்கடிகாரமோ அந்நிலையத்தில் இல்லை. முப்பத்தேழு பேர் சேர்ந்து வாங்கித் தந்த கணினியின் உடலில் அத்தனை பெயர்களுக்கும் இடம் போதாமையால், உள்ளே ஆளுக்கொரு பக்கம் அமைத்திருந்தார்கள். இயக்கிய மாத்திரத்தில் முப்பத்தேழு பக்கங்களும் தாமாகவே திறந்து, காலஞ்சென்ற பெற்றோரின் படங்களோடும் தேவார இசையோடும் நாள் முழுவதும் திறந்தே கிடக்கும்.

“தலைவர் ஐயா, இருக்கிற மெமரி காணும், புதுசு தேவையில்லை. உந்தப் பக்கங்களிலை கொஞ்சத்தை மூடினால் சரி.”

“ஆரை மூடுறது?” என்றார் தலைவர் கனகசபாபதி. “முதலாவது என்ரை அப்பா. அவரை மூடேலாது.”

“அப்ப கடைசியாய் வந்ததை மூடுங்கோ,” என்றார் பொருளாளர் சீவரத்தினம்.

“கடைசி உங்கடை மாமியார், அண்ணை.”

“ஐயோ பிள்ளை, தொட்டுப்போடாதையும்! மனிசி என்னை வீட்டுக்குள்ளை விடாள்.”

“அந்த அம்மாவின்ரை வாயை உயிரோடை இருக்கேக்கையே ஒருத்தரும் மூடேல்லை,” என்று தலைவர் சிரித்தார். “இப்ப மூடேலுமோ?”

எவர் பக்கத்தை மூடலாம் என்று கையுயர்த்தச் சொன்னார்கள். ஒரு கையும் எழவில்லை. மணி மூன்று நாற்பத்துநான்கு. கேதீஸ்வரி கணினியின் முன் அமர்ந்து, முதலாமவர் தொடக்கம் முப்பத்தேழாமவர் வரை ஒவ்வொருவராக மூடினாள். தேவாரங்கள் ஓய்ந்தன. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான இலக்கம் மூன்று ஐம்பத்தாறுக்குத் திரையில் தோன்றியது. அதைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

“பிள்ளை, என்ரை அப்பா எங்கை?”

“மூடிப்போட்டன் ஐயா. எல்லாரையும்தான். ஒருத்தருக்கும் ஓரவஞ்சகம் இல்லை.”

“கொம்பியூட்டர் ஓடுதோ?”

“ஓம், பறக்குது.”

தலைவர் சிந்தித்தார். சினந்திருந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“பாத்தியளே! எல்லாரையும் மூடினால்தான் ஓடுதெண்டால், மெமரி காணாதெண்டுதானே அர்த்தம்!”

மேலும் நினைவகம் தேவை என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. உடனே அதை உபயமாகக் கேட்டு, தொரன்ரோவில் வாழும் ஊர்க்காரரான டினேசுக்கு அழைப்பு எடுக்கப்பட்டது. நித்திரை கலைந்த குரலில் அவர் மகிழ்வுடன் சம்மதித்தார்.

“நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கை கொண்டுவாறன் அங்கிள். அப்பாவுக்கும் ஒரு பக்கம் போடுவியள்தானே? செத்தவீட்டு வீடியோ முழுசாய் இருக்கு. இப்பவே அனுப்பிவிடுறன்.”

உபயகாரரைத் திருவிழாவரை காக்க வைப்பது அழகன்று எனக் குழு கருதியது; காணொளி வந்து சேர ஒரு மணித்தியாலம் பிடித்தது. கேதீஸ்வரி தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “ஐயா, நான் வாறன்,” என்று விடைபெற்றாள். அவள் சைக்கிளை எடுப்பதற்குள் முப்பத்தேழு பக்கங்களும் மீண்டும் திறக்கப்பட்டன; முப்பத்தெட்டாவதாக டினேசின் தந்தையாரும் திரையேறினார். கணினி ஒருமுறை உறுமி, அசைவற்று நின்றது. அப்போது நேரம் மாலை ஐந்து மணி ஏழு நிமிடம்.