அப்பாசாமியின் ஜெயில் பாக்கி

பிரிட்டிஷ் நீதியின் தராசு ஒரு குன்றிமணி கூடத் தப்பாமல் நிறுக்கும் என்று உலகமே ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. காஜா பெராங் ஊர்ப் பால்கார அப்பாசாமிக்கு மட்டும் அது ஒரு மாதத் தண்டனைக்கு மூன்று மாதச் சிறையை நிறுத்துக் கொடுத்துவிட்டது.

தராசைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாம் ஒரு கோட்டால் வந்தது. உடம்பில் போடுகிற கோட்.

தமிழர் நல்லொழுக்கச் சங்கத்தின் தலைவர் கலியாணசுந்தரம் மாலைதோறும் ஒலிபெருக்கியில் ஒழுக்கம் பேசுவார். அதன் குழாய் அப்பாசாமியின் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஒழுக்கம் காதில் விழ விழ மாடுகள் பாலை அடக்கிக்கொண்டன. அப்பாசாமி ஒருநாள் குழாயைக் கழற்றி வைக்கோல் போருக்குள் புதைத்துவிட்டான். திருட்டு என்று புகார் போயிற்று. ஜாமீனுக்கு யாரும் வரவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய தலைவரோ காய்ச்சல் என்றும் கால் குடைச்சல் என்றும் வாய்தா மேல் வாய்தா வாங்கினார். சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கென்றே தைக்கக் கொடுத்த கோட் தையல்காரனிடமிருந்து வந்து சேரவில்லை என்பதுதான் விஷயம். கோட் வந்த பிறகே நீதி வந்தது.

"ஒரு மாதம். கைதான நாளிலிருந்து கணக்கு" என்று துரை தீர்ப்புச் சொன்னார். ஆகவே அப்பாசாமி அந்த நிமிடமே வெளியே போகலாம்.

இதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கருணாகரன். துரை ஒரு வரி பேசினால் அவர் நாலு வரி பேசுவார்.

"ஒனக்கு ஒரு மாசந்தான் அப்பாசாமி. மூணு மாசம் இருந்துட்டே. ரெண்டு மாசம் கவர்மெண்டு ஒனக்குப் பாக்கி."

"எப்பங்கய்யா திருப்பிக் குடுப்பாங்க?"

"அடுத்த குத்தத்துல கழிச்சுக்குவாங்க."

வேடிக்கைக்குச் சொன்னார். ஆனால் சிரிக்காமல் சொல்லித் தொலைத்தார். மறுநாள் அப்பாசாமி காப்பிக் கடையில் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, ரெண்டு மாசத்துக்கு என்னா செய்யலாம்?"

கடையே காது கொடுத்தது. தான் சட்டம் பேசினால் எழுந்து நிற்கிற கூட்டத்தின் நடுவே, அது விளையாட்டு என்று கருணாகரனால் சொல்ல முடியவில்லை. கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"ரத்தம் வராம, கன்னத்துல ஒரு அறை. சரியா இருக்கும்."

யாருடைய கன்னம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாசாமியின் பாலில் தண்ணீர் இருப்பதைச் சொல்ல ஊரில் ஆளில்லை. மைத்துனன் தியாகு வந்து குழைந்தான்.

"மாமா, அதுல ஒரு வாரம் எனக்கு மாத்தி விடுங்களேன். பக்கத்து வீட்டுக்காரன் ரொம்பத் துள்றான்."

"ஜாமீனுக்குக் கூப்பிட்டப்ப வயித்து வலின்னு படுத்துக்கிட்டியே, அந்த வலி போயிருச்சா?"

ஆகஸ்டு மாதம் வந்தது. மனைவி பூங்காவனம்தான் முதலில் கவலைப்பட்டாள்.

"என்னாங்க, மாசக் கடைசியில மெர்டேக்கா. வெள்ளைக்காரன் மூட்டை கட்டறான். அவன் வச்ச பாக்கியப் புது கவர்மெண்டு ஒத்துக்குமா? அவன் கப்பல் ஏர்றதுக்குள்ள செலவழிச்சிருங்க."

அப்பாசாமிக்குத் தூக்கம் போயிற்று. சும்மா கிடந்த இரண்டு மாதம் சும்மாவே போய்விடுமோ?

தலைவருக்கும் தூக்கம் இல்லை. மெர்டேக்கா காலை சங்கத் திடலில் கொடியேற்றி அவர் பேச வேண்டும். பேச்சைக் குளியலறையில் ஒத்திகை பார்த்து முடித்துவிட்டார். அந்த மேடையில், ஊர் பார்க்க அறை விழுந்தால்? ரகசியமாகக் கருணாகரனிடம் போனார்.

"நெசமாவே அப்படி ஒரு சட்டம் இருக்காய்யா?"

"பிரிவே இருக்கு" என்றார் கருணாகரன். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தலைவர் கோட்டோடு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"அப்பாசாமி, மேடையில வேணாம்ப்பா. இன்னைக்கே அடிச்சிரு."

"இங்கியா?"

"ஸ்டேஷன்ல. போலீஸ்கார மாத்தா கண்ணு முன்னாடி அடிச்சாத்தான் கேசு. கேசு எழுதினாத்தான் ஒன் பாக்கி தீரும்."

அப்பாசாமி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது.

"இருங்க தலைவரே, கன்னுக்குட்டியக் கட்டிட்டு வந்துர்றேன்."

இருவரும் தோரணங்களுக்குக் கீழே சம்பந்திகளைப் போல நடந்தார்கள். போலீஸ் நிலையத்தில் மலாய்க்காரக் கார்ப்பரல் ஒருவர் மட்டும் உட்கார்ந்து காகிதக் கொடிகளை நூலில் ஒட்டிக்கொண்டிருந்தார். தலைவர் அவர் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அப்பாசாமி கையை ஓங்கினான். மாத்தாவைப் பார்த்ததும் கை கூசிவிட்டது. கன்றுக்குட்டியைத் தட்டிக் கொடுப்பது போல விழுந்தது.

கார்ப்பரல் எழுந்து வந்து கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"தடமே இல்லையே. எதை எழுதறது?" என்று மலாயில் கேட்டார்.

தலைவருக்கு வியர்த்தது. எழுதாவிட்டால் பாக்கி தீராது. பாக்கி தீராவிட்டால் நாளைக்கு மேடை.

"இன்னும் கொஞ்சம் பலமா அடிப்பா" என்றார், கார்ப்பரலுக்கும் புரியட்டும் என்று அதையே மலாயிலும் சொல்லி.

"வேணாங்க தலைவரே. பார்க்கப் பாவமா இருக்கு."

"அடிடா, மாட்டுக்காரப் பயலே!"

இந்த முறை கை கூசவில்லை. ஒட்டாமல் கிடந்த காகிதக் கொடிகள் மேசையிலிருந்து பறந்தன.

கார்ப்பரல் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். திரும்ப வைத்துவிட்டார்.

"அடிக்கச் சொன்னதே நீங்கதான். என் காதால கேட்டேன். கேட்டு வாங்கின அடிக்குக் கேஸ் கிடையாது. நாளைக்கு மெர்டேக்கா. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

வாசலில் அப்பாசாமி மெதுவாகக் கேட்டான்.

"அப்ப என் பாக்கி அப்படியேதான் இருக்கு, இல்லீங்களா தலைவரே?"

தலைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் காலை திடல் நிறைந்துவிட்டது. கொடி ஏறியது. முன்வரிசையில் அப்பாசாமி கைகட்டி உட்கார்ந்திருந்தான். கருணாகரன் தலைவரைச் சுதந்திர உரையாற்ற அழைத்தார். தலைவர் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார், கூட்டத்தைக் கும்பிட்டார், திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

கன்னம் வீங்கியிருந்தது. வாய் ஒரு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை.