கோட்டோரத்து முனிரத்தினம்

முழங்காலில் சுற்றியிருந்த துணியின் முடிச்சு அவிழ மறுத்தது. பட்டம்மாள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். குனிந்து பல்லால் கடித்து இழுத்தும் பார்த்தாள். முந்தின நாள் அவளே போட்ட முடிச்சுதான். தூக்கத்தில் நழுவிவிடக் கூடாதென்று வழக்கத்தைவிட இறுக்கிப் போட்டிருந்தாள்.

"கத்திரிக்கோல் எடுத்தாரட்டாமா?" என்றாள் வாசற்படியில் நின்ற ஜெயம்மாள். இறந்து கிடந்த முனிரத்தினத்தின் கூடப்பிறந்த மூத்தவள். செய்தி எட்டியதும் திருப்புட்குழியிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள்.

"வேணாங்க்கா. வெட்ட வேணாம்."

"குளிப்பாட்ட ஆளுங்க வந்து நிக்கறாங்க. நீ இன்னான்னா முடிச்சோட மல்லுக்கட்டிக்கினு இருக்கிறியே."

முடிச்சு ஒருவழியாக விட்டுக்கொடுத்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு துணி கழன்று வந்தபோது எட்டிப் பார்த்த ஜெயம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். இடது முழங்கால் எல்லார் முழங்காலையும் போலத்தான் இருந்தது. வலது முழங்கால் விளாங்காயைப் போலப் புடைத்து, ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது.

"அடிப் பாவி, இன்னாடி இது. எப்பத்திலேர்ந்து?"

"கல்யாணமாயி மறு வருஷத்திலேர்ந்து."

"எங்கிட்டகூட சொல்லலியே அவன்."

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா டீம்ல வெச்சிப்பாங்களா? டீம்ல இல்லன்னா வேலையிலதான் வெச்சிப்பாங்களா?" பட்டம்மாள் மடியிலிருந்து துவைத்து மடித்த வேறொரு துணியை எடுத்தாள். "இதைச் சுத்தின பொறவுதான் குளிப்பாட்டணும். ஆம்பிளைங்க பாக்க வேணாம்."

ஜெயம்மாள் கீழே உட்கார்ந்து, தம்பியின் குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். துணி சுற்ற அது வசதியாக இருந்தது.

முனிரத்தினம் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை வேலை என்பது பெயருக்குத்தான். முதலாளிக்கு ஹாக்கி என்றால் உயிர். நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுப்பார், ஆடுகிறவரைக்கும் வைத்திருப்பார். வேலூர், அரக்கோணம், சென்னை என்று எங்கே கோப்பைக்கு ஆட்டம் நடந்தாலும் கம்பெனியின் பச்சை பஸ் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த ஆட்டத்தில் முனிரத்தினத்தின் இடம் ரைட் அவுட். வலது பக்கக் கோட்டை ஒட்டி ஓடிப் பந்தை மூலைவரைக்கும் கொண்டு போவது, அங்கிருந்து நடுவில் நிற்பவனுக்கு அடித்துக் கொடுப்பது. கோல் போடுவது அந்த நடுவில் நிற்பவன்.

அவரோடு சேர்ந்தவர்கள் தொந்தி வைத்து, வேறு கம்பெனிகளில் செக்கர்களாகவும் டைம்கீப்பர்களாகவும் ஒதுங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒதுங்கினார்கள். முனிரத்தினம் மட்டும், நாற்பது வயதைத் தாண்டி, கம்பெனிகளை அரசாங்கமே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு அடிபட்ட அந்த வருஷத்திலும் ஓடிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ஆட்டத்தில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. அடியே படாத உடம்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பட்டம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு குழாயடியில் குடத்தை விளக்குவாள்.

அன்று காலையும் மைதானத்துக்குத்தான் கிளம்பினார். ஒரு காலுக்கு ஷூ மாட்டி முடித்து, மற்றதற்காகக் குனிந்தவர் நிமிரவில்லை.

அவள் ஒரு நாளும் அவர் ஆடிப் பார்த்ததில்லை. மைதானம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. கல்யாணமான புதிதில், "ஒரு தபா வந்து பாக்கட்டா?" என்று கேட்டாள். "நீ வந்து நின்னா நான் பந்தை எங்க பாக்கறது" என்று சிரித்தார். பிறகு மாமியார் காதில் விழுந்து பெரிய பேச்சாகிவிட்டது. அதன் பின் கேட்கவில்லை. அவர் விளையாட்டில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தவைதான்: சட்டையில் செம்மண், கணுக்காலில் கன்றிய நீலம், வெந்நீரில் கால் வைக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம்.

ரைட் அவுட் என்றால் என்னவென்று ஒரு முறை அவள் கேட்டதற்கு அவர் ஒரு கதை சொன்னார். காட்டில் மிருகங்களெல்லாம் கூடி ஒரு பெரிய பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு போயினவாம். நடுவில் புலியும் கரடியும் பன்றியும் முட்டி மோதிக்கொண்டதில் பழம் அசையவே இல்லை. ஓரமாக நின்ற முயல் சந்து பார்த்துப் பழத்தைத் தள்ளிக்கொண்டு ஓரமாகவே ஓடி, கடைசியில் யானையிடம் உருட்டிவிட்டதாம். யானை அதை உடைத்தது. எல்லாரும் யானைக்கு மாலை போட்டார்கள்.

"மொயலுக்கு?" என்றாள் பட்டம்மாள்.

"மொயலுக்கு இன்னா, ஓடனதுலயே வயிறு ரொம்பிப் போச்சி."

குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசலில் பாடை தயாரானது. தெரு ஓசையற்றுக் கிடந்தது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தறிகள் நின்றிருந்தன; பிணம் எடுக்கும்வரைக்கும் அந்தத் தெருவில் எவரும் தறிக்குழியில் கால் இறக்க மாட்டார்கள். முனிரத்தினத்தின் தம்பி குப்புசாமி, பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியவன், ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது பச்சை பஸ் தெருமுனையில் வந்து நின்றது. பத்துப் பதினைந்து ஆண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் அந்தோணி. கோல்கீப்பர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. மாலையைப் போட்டுவிட்டு, போகாமல் குப்புசாமியின் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும்பா. கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எங்க டீம்ல ஒரு பழக்கம் இருக்குது. ரொம்ப நாள் ஆடினவன் ஆட்டத்தை உடறப்ப நாங்க அவனை நடக்க உட மாட்டோம். தோள்ல தூக்கிக் கோட்டுக்கு வெளிய கொண்டாந்து எறக்குவோம். முன்னாடி ஆடினவங்க அத்தினி பேரையும் அண்ணன்தான் தூக்கினாரு. அவர் மட்டும்தான் இன்னும் கோட்டுக்கு உள்ளாறயே நிக்கறாரு. மைதானத்தாண்ட ஒரு நிமிஷம் எறக்கி எடுத்துக்கினு போலாமாப்பா? சுடுகாட்டுக்குப் போற வழிதானே."

குப்புசாமி பதில் சொல்வதற்குள் ஜெயம்மாள் முந்திக்கொண்டாள். "நல்லா இருக்குதே நாயம். எடுத்த பாடையை ஊர் ஊரா எறக்கிக் காட்டுவீங்களா? எறக்கறது ஒரே தபா. அதுவும் தெருமுனையில."

அவள் சொன்னது சரிதான். வீட்டிலிருந்து எடுத்த பாடையை வழியில் ஒரு முறை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் திருப்பித் தூக்குவார்கள். அந்தத் தெருவுக்கு அந்த இடம் குழாயடி. பெண்கள் அதுவரைக்கும் அழுதுகொண்டு வந்து, சுற்றி வந்து, அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். இரண்டாம் தடவை இறக்கினால் வீட்டில் இரண்டாம் சாவு விழும் என்று ஒரு பயம்.

"அக்கா சொல்றதும் வாஸ்தவம்தான் அந்தோணி" என்றான் குப்புசாமி தயங்கி.

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். வற்புறுத்தவில்லை.

பட்டம்மாள் பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். குழாயடி என்ற சொல் அவளுக்குள் போய்த் தங்கியது. அத்தனை காலையிலும் அத்தனை மாலையிலும் கையில் மட்டையோடு அந்தக் குழாயடியில்தான் அவர் திரும்பி மறைவார். அதுவரைக்கும் அவள் கணவர், அதற்கப்பால் யாரோ. இன்றும் அதே இடத்தில் அவரை விட்டுவிட்டு, அந்த யாரோவைக் கடைசிவரைக்கும் காணாமலே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதை நினைத்ததும், காலையிலிருந்து வராத கண்ணீர் வந்தது.

"அந்தோணி" என்று கூப்பிட்டாள். அவள் அவனிடம் பேசுவது அதுதான் முதல் முறை. "அங்க அவர் எப்டி இருப்பாரு?"

அந்தோணி கைகளைப் பிசைந்தான். "காத்து மாதிரி அண்ணி. நேரா. திரும்பவே மாட்டாரு."

"திரும்ப மாட்டாரா?"

"வலது கால ஊணி உள்ளாற திரும்ப முடியாதே அவரால." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்குத் தெரியும் அண்ணி. நான் டீமுக்கு வந்த நாள்லேர்ந்தே தெரியும். அவர் சொல்லல, நாங்களும் கேக்கல. பந்தைக் குடுக்கறப்போ கோட்டோரமா நேராவே குடுப்போம். புதுசா வர்ற பசங்களுக்கு மொதப் பாடமே அதான். முதலாளி காதுக்கு மட்டும் போவாம பாத்துக்கினோம்."

பட்டம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷமும் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிய துணி அது. அதன் மறுமுனையை வேறு சிலரும் ஓசைப்படாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு குப்புசாமியின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தபாதானே எறக்கணும்?"

"ஆமா அண்ணி."

"கொழாயடியில எறக்க வேணாம். மைதானத்துல எறக்கு."

குப்புசாமி புரியாமல் விழித்தான். ஜெயம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"எறக்கற எடம் வரைக்கும் பொம்பளைங்க வரணுமேடி."

"ஆமாங்க்கா. அதுக்குத்தான் சொல்றேன்."

"ரயில் ரோட்டைத் தாண்டியா? ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும்க்கா. இத்தினி பேரு அழுவறப்போ ஒருத்தர் ரெண்டு பேர் சிரிச்சா ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

ஜெயம்மாள் தம்பியின் வேட்டி ஓரத்தை இழுத்து முழங்காலின்மேல் சரி செய்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ மட்டும் தனியா போவியா? நடக்கறதுன்னா நானும்தான் நடக்கறேன்."

குழாயடியில் பாடை நிற்கவில்லை. பழக்கத்தில் அங்கே நின்றுவிட்ட பெண்கள், பட்டம்மாளும் ஜெயம்மாளும் தாண்டிப் போவதைக் கண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் அங்கேயே நின்றார்கள். சிலர் பின்னால் வந்தார்கள். ரயில் கேட்டில் வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடித்து வழிவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மைதானம் அவள் நினைத்திருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. கார்த்திகை மழையில் புல் தழைத்துக் கிடந்தது. வலது பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உட்புறமாகப் பாடையை இறக்கினார்கள். பெண்கள் சுற்றி வந்தார்கள். பட்டம்மாள் வாய்க்கரிசி போட்டாள். பாடையைத் திருப்ப வேண்டிய நேரம் வந்ததும், முன்னால் நின்ற ஒருவன் இடது பக்கமாக வளைக்கப் போனான்.

"இந்தப் பக்கம் வாணாம்பா" என்றான் அந்தோணி மெதுவாக. "வலது பக்கமாவே திருப்புங்க."

ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. டீம் ஆட்கள் தாங்களே கம்புகளைப் பிடித்து, வலப்பக்கமாகச் சுற்றி, தோளுக்கு உயர்த்தி, கோட்டைத் தாண்டி வெளியே கொண்டு வந்தார்கள். அந்தோணியின் தோள் மட்டும் குலுங்கியது. தாண்டிய பிறகு கோட்டின் வெளிப்புறமாகவே, மூலைக்கு அப்பால் இருந்த வேலி இடைவெளியை நோக்கி நடந்தார்கள். காட்டுக்குப் போகும் வழி அதுதான்.

பெண்கள் திரும்ப வேண்டிய இடம் அது. ஜெயம்மாள் திரும்பினாள். பட்டம்மாள் திரும்பவில்லை.

மைதானம் முழுவதும் புல்லாயிருக்க, கோட்டுக்கு உட்புறமாக ஒரு தடம் மட்டும் மொட்டையாகக் கிடப்பதை அவள் அப்போதுதான் கண்டாள். ஒரு ஆள் ஓடுகிற அகலத்துக்குச் செம்மண். நடு மைதானத்திலிருந்து மூலைவரைக்கும், தறியில் இழுத்துக் கட்டிய பாவு இழையைப் போல, எங்கும் வளையாமல் போயிற்று.

அதன்மேல் கால் வைக்காமல், பக்கத்துப் புல்லில் இறங்கி, அதை ஒட்டியே நடந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாடை போய்க்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்த ஜெயம்மாள் கூப்பிடாமல் நின்றுகொண்டாள்.

மூலைக்கு வந்ததும் தடம் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. பந்தை நடுவுக்கு அடித்துக் கொடுக்க இடது கால் ஒன்றை மட்டும் ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளம். முந்தின நாள் மழைத் தண்ணீர் அதில் கொஞ்சம் நின்றிருந்தது.