அனற் மறுத்த வேலை

பிலிமத்தலாவைத் தளபாடக் கடையில் விற்பனையாளராக இருந்த அனற்றைக் கண்டிக் கடையொன்று மேற்பார்வையாளராகக் கூப்பிட்டது. "நீங்க போனா இந்தக் கடையே ஆடிப்போயிரும்" என்று மேனேஜர் பவாஸ் கெஞ்சியதால் அவள் மறுத்துவிட்டாள்.

சில மாதங்களில் பவாஸே அந்தக் கண்டிக் கடைக்கு மாறினார். அவள் மறுத்த வேலைக்கு, போன வருஷம் சேர்ந்து விற்பனையில் எல்லாரையும் முந்திய நிலூஷாவைக் கூட்டிக்கொண்டார்.

பிரியாவிடையன்று அனற் கேட்டாள். "என்னய ஏன் சார் கூப்பிடல?"

"அங்க விற்பனை காட்டணும், அனற். நீங்க நம்பிக்கையான ஆள். இங்க அப்படி ஒருத்தர் வேணும்தானே."

அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். அவர் நீட்டிய கேக்கை அவள் வாங்கவில்லை.

மறுநாளே கெலிஓயாக் கடையொன்றில் வேலை கேட்டுப் போனாள். "விட்டுட்டுப் போகாம நின்னு வேலை செய்வீங்களா?" என்று முதலாளி கேட்டபோது, "மேல போக வழி இருந்தா நிப்பேன், சார்" என்றாள்.