கவ்ரீலின் டீசல் நடந்த தூரம்

வில்யுய் ஆற்றங்கரையில் உறைந்த மண்ணை இரும்புக்குச் சமமாக நம்பியவர் கவ்ரீல். அதனால்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன், குளிர் தொடங்கிய வாரத்தில், கொட்டகைக்குப் பின்னால் டீசல் பீப்பாயைச் சாய்த்துவிட்டபோதும் அவர் பதறவில்லை. நிலம் இறுகிவிட்டது, இனி எதுவும் உள்ளே போகாது என்று கறையின் மேல் பனியை வாரிப் போட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. வசந்தத்தில் பனி உருகியபோது கறையையே காணோம். மண்ணின் நல்ல குணத்தை மெச்சிக்கொண்டார்.

டீசலுக்குக் கால் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் உறையும் மண் வெடிக்கும். அதற்குள் வளரும் பனிக்கட்டி எண்ணெயை நெட்டித் தள்ளும். கோடையில் மண் இளகினால் எண்ணெய் அந்த வெடிப்பு வழியே இறங்கும். மறுபடி உறைந்தால் மறுபடி ஒரு தள்ளு. இப்படி ஆண்டுக்கு மூன்று எட்டு வைத்து, எங்கும் உட்காராமல், சரிவில் இருந்த ஓக்தோவின் நிலவறைக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டு ஓக்தோ கவ்ரீலைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. அவருடைய குளிர்கால மீன் முழுவதும் அந்த அறையில்தான்.

ஜனவரியில் ஒரு நண்பகல் ஓக்தோ கவ்ரீலைப் பச்சை மீன் தின்னக் கூப்பிட்டார். கல்லாய் உறைந்த மீனை மேசையில் நிறுத்திச் சுருள் சுருளாகச் சீவினார். வழக்கப்படி முதல் சுருள் அடுப்புத் தீக்கு. தீ எழுந்து நின்று புகைபோக்கி வரை போய்வந்தது.

"தீயோட ஆவி இன்னைக்கு நல்ல பசியில இருக்குடா."

"வயசான ஆவி, அக்கா. பல்லு இல்ல, அதான் முழுங்குது."

ஓக்தோ இன்னொரு சுருள் போட்டார். அடுப்பின் மேலிருந்த கெட்டில் உடனே கொதித்தது. கவ்ரீலின் மூக்குக்கு எண்ணெய் வாசனை பிடிபட்டுவிட்டது. ஓக்தோவுக்கோ போன ஆண்டுச் சளியோடு மூக்கு செத்துவிட்டது. மூன்றாவது சுருளை உப்பில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனார். கவ்ரீல் பேசாமலிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"அக்கா, அதத் தின்னாதீங்க."

"ஏன்டா?"

"அதுல இருக்கறது என் டீசல்."

பீப்பாய்க் கதையைச் சொல்லி முடிக்கும்வரை ஓக்தோ சுருளைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அது பன்னெண்டு எட்டு நடந்து என் வீட்டுக்கு வந்திருக்கு. கால் இருக்கற நீ வந்து சொல்லல."

"நிலம் பூட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்க்கா."

"நிலத்துக்குப் பூட்டு போட்டவன் மொகறையப் பாரு. எந்திரி. சறுக்குவண்டிய எடு."

பொழுது சாய்வதற்குள் கவ்ரீல் தன் மீனில் பாதியை இழுத்துவந்து ஓக்தோவின் கொட்டிலில் அடுக்கினார். கோடை வந்தால் கவ்ரீலின் நிலவறையில் வலப்பக்கம் ஓக்தோவுக்கு. கறை மண்ணைத் தோண்டி அள்ளும் வேலை கவ்ரீலுக்கு.

ஓக்தோவின் பழைய மீனும் வீணாகவில்லை. காலைக்கு ஒன்றாக அடுப்பில் வைத்தார். மே மாதம் வரை அந்த வீட்டில் விறகு பிளக்கும் சத்தமே கேட்கவில்லை. தலையோடு வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் எரியும் என்று யோசனை சொன்னது கவ்ரீல்தான்.