மெஷின்மேல் போட்ட பழி

பிரசவ வார்டின் மூத்த நர்ஸ் வாயைத் திறந்தால் கர்ப்பிணிகளுக்குக் குலை நடுங்கும். அன்று காலையும் ஒருத்தியைக் கட்டிலோடு வைத்து வறுத்தெடுத்தாள். "தலைவலி, முகவீக்கம், கண் மங்கல், எது வந்தாலும் அன்னைக்கே ஓடி வரணும்னு சொன்னேனா இல்லையா? ரெண்டு நாள் ஊறப்போட்டிருக்க. உயிர் என்ன கடையில விக்குதா?"

இத்தனைக்கும் நர்ஸுக்கே எட்டாம் மாதம்.

திட்டி முடித்த கையோடு, புதிதாக வந்த பிரஷர் மெஷினைச் சரிபார்க்கத் தன் கையிலேயே பட்டையைச் சுற்றினாள். நூற்றெண்பது காட்டியது.

"வந்த அன்னைக்கே மண்டையைப் போட்டுடுச்சு. திருப்பி அனுப்பிடுங்க ஆயாம்மா."

ஆயாம்மா தன் கையை நீட்டிப் பார்த்தாள். நூற்றிருபது. போய்ப் பழைய மெஷினை எடுத்துவந்து நர்ஸின் கையில் கட்டினாள். அதுவும் நூற்றெண்பது.

நர்ஸ் தன் விரல்களைப் பார்த்தாள். காலையில் மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றியிருந்தாள். வெயிலுக்கு விரல் வீங்கியிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"தலைவலி இருக்கா சிஸ்டர்?"

"நாலு நாளா."

ஆயாம்மா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். காலையில் திட்டு வாங்கியவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் ரெண்டு நாளுக்கே அவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டேனே சிஸ்டர்," என்றாள் மெதுவாக.